டேங்கில் தங்கிய தண்ணீர்

என் தங்கை வீட்டுக்காரர்மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழைய கார் ஒன்றைச் சீராக்கிய கதை என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டு, பாதியில், இவன் என்ன இப்படிப்பட்ட ஆளா என்று நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது. நான் இப்படிப்பட்ட ஆள்தான்.

பொறாமைக்குக் காரணம் அம்மா. ஆமத்தூரில் அம்மா என்னோடுதான் இருந்தாள். கட்டில் என் வீட்டில், கஞ்சி என் வீட்டில், மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவன் நான். ஆனால் அவள் வாய் திறந்து நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் காரியாபட்டியிலிருந்து மாப்பிள்ளை வர வேண்டும். அவர் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். அவர் உட்கார்ந்ததும் தொடங்கிவிடும். தீப்பெட்டி ஆபீஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், அப்பா எந்தக் கடையில் கடன் சொல்லி எனக்கு முதல் செருப்பு வாங்கினார், எல்லாம் வரும். என் செருப்பின் கதையை நானே அவள் மாப்பிள்ளைக்குச் சொல்லும்போதுதான் கேட்டேன். அதுவும் அடுக்களைக்குள் நின்று.

மாப்பிள்ளைக்கு என்னைவிட நாலு வயது குறைவு. காரியாபட்டியில் லாரிக்கும் டிராக்டருக்கும் பட்டை வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். பட்டை என்றால் வண்டியின் பின் அச்சில் வில்லாக வளைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகள். மேடு பள்ளத்தின் அடியெல்லாம் அதில்தான் விழும். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர் என்று நாலு ஊர் லாரிக்காரர்கள் சொல்வார்கள். நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கலவை அறை என் பொறுப்பு. நானும் என் வேலையில் கெட்டிக்காரன்தான். அதைச் சொல்ல லாரிக்காரர்கள் யாரும் கிடையாது.

காருக்கு வருகிறேன். அது என் முதலாளி வீட்டில் ஓடியது. ஒரு காலத்தில் சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்குமே, உருண்டை முதுகு வெள்ளைக் கார், அதேதான். பெரியவர் இருந்தவரை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அதில்தான் போய்வந்தார். அவர் காலத்துக்குப் பிறகு மகன்கள் வேறு கார்களுக்கு மாறிவிட்டார்கள். இது அவர்களுடைய அச்சகத்துக்குக் காலண்டர் கட்டு ஏற்றும் வண்டியாகி, பிறகு அதற்கும் ஆகாமல் குடோன் சுவரோரம் தார்ப்பாய்க்குள் நின்றது. பழைய இரும்புக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று நான் கேட்டேன். எடுத்துக்கொண்டு போ, இடமாவது காலியாகும் என்றார் சின்ன முதலாளி. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.

எனக்குக் கார் ஆசை ஒன்றும் கிடையாது. அம்மாவின் இடுப்புக்காகத்தான் கேட்டேன். முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்து சட்டத்தில் குச்சி அடுக்கியவள். அந்த இடுப்பு இப்போது பஸ்ஸைத் தாங்குவதில்லை, ஆட்டோவைத் தாங்கவே தாங்காது. ஏதோ ஒரு மனு கொடுக்க சூலக்கரைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் வந்தேன். மூன்று நாள் கட்டிலைவிட்டு எழவில்லை. அந்தச் சமயத்தில்தான் தங்கை காரியாபட்டியில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தாள். தை மாதம் பால் காய்ப்பு வைத்திருந்தார்கள். மகள் வீட்டுப் பால் காய்ப்புக்கு அம்மா போகாமல் இருக்க முடியுமா? பின் சீட் அகலமான காராக இருந்தால் படுக்கவைத்தாவது கொண்டுபோகலாம் என்பது என் கணக்கு.

கார் வந்த வாரமே தங்கை போனில், பால் காய்ப்பு முடிந்து அம்மா கொஞ்ச நாள் தன்னோடு இருக்கட்டுமே என்று ஒரு வார்த்தை போட்டாள். எத்தனை நாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தாய் போய் மருமகன் வீட்டில் இருந்தால், மகனை ஒருத்தரும் ஆம்பளையாக மதிக்க மாட்டார்கள். மகன் சோறு போடவில்லை, இல்லை மருமகள் சரியில்லை என்று டீக்கடையில் பேச்சு ஓடும். போன அம்மா திரும்புவாளா என்ற பயம் அன்றைக்கே பிடித்துக்கொண்டது. அம்மாவை அனுப்புவதற்குத்தான் காரைச் சீராக்க வேண்டும். சீரானால் அம்மா போய்விடுவாள். நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான்.

தீபாவளி முடிந்து கம்பெனி ஒரு மாதம் மூடியிருந்த சமயம் வேலையைத் தொடங்கினோம். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். முதல் நாள் ஜாக்கி வைத்து வண்டியின் பின்புறத்தைத் தூக்கி, மரக்கட்டை அடுக்கி நிறுத்தினார். பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டியிருந்த போல்ட்டுகள் துருப்பிடித்து ஒரே கட்டியாக இருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தட்டித் தட்டிக் கழற்றினார். ரெண்டு பக்கப் பட்டைகளையும் இறக்கி, நடுப் போல்ட்டை அறுத்ததும் தகடுகள் படாரென்று விரிந்தன. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றின் நிறத்தில் இல்லை. காலண்டர் லோடு ஏற்றுவதற்காக யாரோ பிற்பாடு சேர்த்த தகடு. இதுதான் இடுப்பை ஒடிக்கும் என்று அதைத் தனியே வேலியோரம் தூக்கிப் போட்டார்.

அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“எந்தப் பக்கம் வலிக்கு அத்தை?”

“இடது பக்கம்யா. இடுப்புல தொடங்கி கெண்டைக்கால் வரைக்கும் இழுக்கும்.”

“வண்டி தூக்கிப் போடும்போதா, போட்டு இறங்கும்போதா?”

அம்மா யோசித்தாள். இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. இறங்கும்போதுதான் என்றாள். அப்படியென்றால் பட்டை மட்டும் போதாது, ஷாக் அப்சர்பர் ரெண்டும் புதிதாகப் போட வேண்டும், அதுதான் இறங்குகிற வேகத்தைப் பிடித்து நிறுத்தும் என்றார். அம்மா ஏதோ டாக்டர் சொன்னதைப் போலத் தலையாட்டினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது. அம்மாவை எத்தனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். எந்தப் பக்கம் வலிக்கிறது என்று ஒரு நாள் கேட்டதில்லை. இடுப்பு வலி என்றால் இடுப்பு வலி, அதில் என்ன பக்கம்? எழுந்து போய் வேலியோரம் கிடந்த பழைய டயரை எதற்கென்றே தெரியாமல் வேறு இடத்துக்கு உருட்டிவைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். தகடுகளைப் பட்டறையில் அடித்து வளைவு ஏற்றி, இடையிடையே கிரீஸ் தடவி, புது ரப்பர் புஷ் போட்டுக் கொண்டுவந்து மாட்டினார். மாட்டிவிட்டு, அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பின் சீட்டில் உட்காரவைத்து, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்று அளந்தார். எங்கள் வீட்டில் என் அம்மாவின் எடைக்கு ஒரு ஆள் அளவு எடுக்கிறார். நான் பக்கத்தில் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா ஜன்னல் வழியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்தல்ல.

அன்றைக்கே அறிவித்துவிட்டேன். பெட்ரோல் டேங்க், பம்ப், குழாய், கார்புரேட்டர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று. மாப்பிள்ளை தாராளமாகச் செய்யுங்கள் மச்சான், நெருப்போடு பழகிய ஆள் நீங்கள்தானே என்றார். அதில் கிண்டல் இல்லை என்று இன்றைக்கு நினைக்கிறேன். அன்றைக்கு இருந்ததாகத்தான் பட்டது.

எனக்குக் கார்புரேட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். பாதி இந்தியில் இருந்தது. வேலை செய்பவன் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். கழற்றிய ஒவ்வொரு திருகையும் ஜெட்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்கினேன். கலவை அறையில் எப்படி வேலை செய்வேனோ அப்படித்தான். ஜெட் என்பது ஒரு சுண்டுவிரல் நகத்தளவு பித்தளைத் துண்டு, அதில் பெட்ரோல் போக, தலைமுடி நுழையும் துளை. அந்தத் துளையில் வருஷக்கணக்கான அழுக்கு. அதை ஊதி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அம்மா கடந்துபோகிறபோது குனிந்து பார்த்தாள். இத்தனை பொடியாக இருக்கிறதே என்றாள். நான் விளக்க வாய் திறப்பதற்குள், மாப்பிள்ளை இந்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாரா என்று கேட்டாள். என் மனைவி அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், “உங்க வயித்தெரிச்சல்ல ஒரு மாசத்துக்கு அடுப்பு எரிக்கலாம்” என்றாள்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். டேங்கை இறக்கிப் பார்த்தபோது அடியில் ரெண்டு ஊசித்துளை இருந்தது. பற்றவைத்து அடைக்க வேண்டும். பெட்ரோல் இருந்த டேங்க், காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். நெருப்பைக் காட்டினால் வெடிக்கும். எங்கள் தொழிலில் முதல் பாடமே தண்ணீர்தான். தரையைக் கூட்டுவதற்கு முன் தண்ணீர், கழிவைக் கொட்டுவதற்கு முன் தண்ணீர், ராத்திரி அறையைப் பூட்டுவதற்கு முன் தண்ணீர். அலுமினியப் பொடி மாதிரி ஒன்றிரண்டுக்குத் தண்ணீரே எமன் என்பது வேறு விஷயம். இருபது வருஷமாக என் கைக்குப் பழகிய புத்தி, சந்தேகம் என்றால் தண்ணீர் ஊற்று என்பது. டேங்கைத் தொண்டை வரை தண்ணீரால் நிரப்பிக் கொட்டினேன். மறுபடி நிரப்பிக் கொட்டினேன். மூன்றாவது தடவை நிரப்பி, துளை மேலே வரும்படி கவிழ்த்து, தண்ணீரோடு வைத்தே பற்றவைக்கச் சொன்னேன். பற்றவைக்க வந்த ஆள் இப்படிப் பயந்த மனுஷனைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். பயந்த ஆள் என்பது எங்கள் அறையில் பாராட்டு.

மாப்பிள்ளை போனிலேயே எச்சரித்தார். டேங்குக்குள் தடுப்புத் தகடு உண்டு, அதன் பின்னால் தண்ணீர் ஒளிந்துகொள்ளும், ஒரு வாரம் வெயிலில் புரட்டிப் புரட்டிப் போட்டு, கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசிக் கொட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்றார். நான் மூன்று நாள் போட்டேன். அலசவும் இல்லை. காரணம் வெட்கக்கேடானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதற்கு முன்பே எஞ்சினைக் கிளப்பிவிட வேண்டும், அவர் இல்லாதபோது, அம்மா முன்னால்.

சனிக்கிழமை கிளம்பியது. ரெண்டு தடவை முக்கி, மூன்றாவது தடவை உறுமிக்கொண்டு பிடித்தது. வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலே தலை நீட்டினார்கள். நான் எஞ்சினை ஓடவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, அம்மாவைப் பார்த்தேன்.

“சத்தம் நல்லாருக்கு” என்றாள். “மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுய்யா.”

போட்டேன். வேறென்ன செய்வது?

பால் காய்ப்பு வெள்ளிக்கிழமை. புதன்கிழமை நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு சுற்று போய்ப் பார்த்தேன். நேர் ரோட்டில் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இருமியது. அடுத்ததில் ஏறி இறங்கியதும் நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தேன். பம்பில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் உண்டு. பெட்ரோலோடு வரும் தூசியும் தண்ணீரும் அதன் அடியில் தங்கும். கழற்றிப் பார்த்தேன். மேலே வெளிர் மஞ்சளில் பெட்ரோல். அடியில் நிறமே இல்லாமல் ஒரு விரல் உயரம் தண்ணீர், உருண்டு உருண்டு நின்றது. தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என் தண்ணீர்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். டேங்கின் அடித் திருகைத் திறந்து எல்லாவற்றையும் வடித்து, அலசி, கிண்ணத்தையும் கார்புரேட்டரையும் துடைத்துப் புதுப் பெட்ரோல் விட வேண்டும். ஒரு மத்தியான வேலை. ரோட்டோரம் அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கார் ஓடாவிட்டால் அம்மா போகப்போவதில்லை. போகாவிட்டால் அங்கேயே இருந்துவிடப்போவதில்லை. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பழைய வண்டி, அப்படித்தான். கிண்ணத்தைத் துடைத்து, திரும்ப மாட்டி, மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கார்புரேட்டரில் பெரிய அடைப்பு, சாமான் மதுரையிலிருந்துதான் வர வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் ஆகாது என்று சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். சண்டை போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தேன். சரிய்யா என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மனைவி மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை வந்து நின்றார். தலைமுடியில் பெயின்ட், சட்டையில் சுண்ணாம்பு. விடிந்தால் தன் வீட்டுப் பால் காய்ப்பு, பந்தல்காரனும் சமையல்காரனும் காத்திருக்க, அத்தனை தூரம் பைக்கில் வந்திருக்கிறார். தங்கை அம்மாவோடு போனில் பேசியிருக்கிறாள். அம்மா பேச முடியாமல் போனை வைத்துவிட்டாளாம். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் பானெட்டைத் திறந்தார். அம்மாவும் மெல்லச் சுவரைப் பிடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் நேராகக் கண்ணாடிக் கிண்ணத்தைத்தான் கழற்றினார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதத் தெரிந்தவனுக்கு இந்தக் கிண்ணத்தைப் பார்க்கத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் கிண்ணத்தைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

“அடைப்புத்தான் அத்தை” என்றார். “மச்சான் சொன்னது சரிதான். எங்கிட்ட இருக்க சாமானை வச்சே சரி பண்ணிருவோம்.”

சொல்லிவிட்டுக் கிண்ணத்தை மண்ணில் கவிழ்த்தார். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். நான் அடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினைப் பிடித்தேன். டேங்கிலிருந்து பெட்ரோலும் தண்ணீருமாக வடிந்தது. அவர் அலசினார், துடைத்தார், புதுப் பெட்ரோல் விட்டார், கிளப்பினார், தெருவில் வேகத்தடை மேலே ஏற்றி இறக்கிப் பார்த்தார். கிளம்பும்போது, காலையில் ஏழு மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள், நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை என்று மட்டும் சொன்னார்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையை ஓங்கியிருந்தால் நானும் ஓங்கியிருப்பேன். ஒரு மாதிரி சரியாகியிருக்கும். மனுஷன் மறைத்துவிட்டுப் போனார். அம்மாவின் பிரியத்தை எடுத்துக்கொண்டது போதாதென்று, இப்போது நல்லவன் என்ற பெயரையும் அவரே எடுத்துக்கொண்டார், எனக்குத் திருடன் வேஷத்தை விட்டுவிட்டு. அன்றைக்கு என் மனசு இப்படித்தான் பேசியது. நன்றி என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் எஞ்சின் ஆயில் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி டிக்கியில் பைகளை வைத்துப் பூட்டிவிட்டாள். அம்மா பின் சீட்டில், முதுகுக்குத் தலையணையோடு. விருதுநகர் வரும்வரை நான் ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். முகம் சுளிக்கட்டும் என்றா, சுளிக்கக் கூடாது என்றா பார்த்தேன்? எனக்கே தெளிவில்லை. கார் ஏறியது, இறங்கியது, தரையில் விரித்த மெத்தையில் கால் வைத்ததுபோல மெதுவாக அமர்ந்தது. முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஊர் தாண்டி காரியாபட்டி ரோட்டில் திரும்பிய கொஞ்ச நேரத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டாள். அம்மா உட்கார்ந்தபடி தூங்கி நான் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. இரும்புத் தகடுமேல்கூட ஒரு மனுஷன் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பால் பொங்கியது. அம்மா தன் கையால் முதல் தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். சாப்பாடு நன்றாகவே இருந்தது. குறை கண்டுபிடிக்க முயன்றேன், கிடைக்கவில்லை. மூன்று மணிவாக்கில் சொந்தக்காரர்கள் கலைந்ததும் அம்மாவிடம் போய், கிளம்பலாமா என்றேன். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டுபோய் டிக்கியைத் திறந்து ஒரு பையை எடுத்து வந்தார். பிதுங்கிக்கொண்டிருந்தது. நாலு நாளைக்கு எடுக்கும் பையில்லை. டிக்கியில் இன்னொரு பை வேறு இருந்தது; போய் எட்டிப் பார்த்தால் அம்மாவின் மாத்திரை டப்பா, போர்வை, சாமி படம்கூட. வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது என்று புரிந்தது.

வாசலில், அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, நான் வெடித்துவிட்டேன்.

“ஒனக்கு நான் என்ன குறை வச்சேன்? ஊர்ல எம் மூஞ்சிய எங்கன கொண்டுபோய் வைக்க? எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினதில்ல. எல்லாப் பேச்சும் அவருகிட்ட. இப்ப வீடும் அவரு வீடா?”

மாப்பிள்ளை பையைக் கீழே வைத்தார். அம்மா அவசரப்படவில்லை. தூணைப் பிடித்து நேராக நின்றுகொண்டாள்.

“ஒரு குறையும் இல்லய்யா. அங்கன சத்தம் கேக்கு.”

என்ன சத்தம் என்று கேட்டேன். கேட்டவன் பட்டாசுக் கம்பெனிப் போர்மேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் நாள் முழுக்கச் சத்தம்தான். சரக்கு எப்படி இருக்கிறதென்று கம்பெனிகளில் வெடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேறு ஒரு சத்தம் உண்டு. அது கேட்டால் ஆமத்தூரில் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எல்லாப் பெண்களும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். புகை எந்தத் திசை என்று பார்ப்பார்கள்.

“முன்னல்லாம் சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடியாந்து பாத்துருவேன். புகை ஒங் கம்பெனிப் பக்கம் இல்லைன்னா உள்ள வந்து சோறு வடிப்பேன். இப்ப எந்திரிக்க முடியலயேய்யா. படுத்த எடத்துல கெடந்து, நீ வாற வரைக்கும் கூரையப் பாத்துக்கிட்டிருக்கேன். எம்புட்டு நாளைக்குப் பாக்க? இங்கன அது கேக்காது.”

எங்கள் கம்பெனியில் காலையில் உள்ளே போகும்போதே போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். தீப்பொறி பயம். சாயங்காலம் வெளியே வரும்போதுதான் திரும்பக் கையில் கொடுப்பார்கள். எடுத்துப் பார்த்தால் சில நாள் அம்மாவின் அழைப்பு ஏழு, எட்டு என்று கிடக்கும். மாத்திரை தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். வீடு வந்து கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். இதை என்னிடம் எப்படிச் சொல்வாள்? சொன்னால் வேலையை விடு என்று சொன்ன மாதிரி ஆகும். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அதைச் சொல்லாமல் இருக்க வேண்டி என்னிடம் எதையுமே சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தாள். அவர் வேறு பக்கம் திரும்பி, தூணில் காய்ந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பொறாமை அந்த நிமிஷம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. என்னைப் பற்றிய பயத்தை என் தாய் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இன்னொரு ஆளிடம் சொல்லி அழுதிருக்கிறாள். கேட்டு ஆறுதல் சொன்னது அவர். அது எனக்கு வர வேண்டியது. அதை மட்டும் அவரிடமிருந்து என்னால் திரும்ப வாங்க முடியாது.

நான் காரிடம் போய், டிக்கியிலிருந்த ரெண்டாவது பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். பின்னால் சின்னதாக ஒரு அறை, கட்டில் உயரமாகப் போட்டிருந்தார்கள், அவள் குனியாமல் உட்காரும்படி. பையைப் பிரித்து மாத்திரை டப்பாவை ஜன்னல் திட்டில் வைத்தேன். போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்தேன். பிறகு ஜன்னலைத் திறந்து, அங்கேயே நின்று காது கொடுத்துக் கேட்டேன். ஒரு டிராக்டர் போனது. எங்கோ ஒரு மாடு கத்தியது. வெகு நேரம் நின்றேன். வேறு சத்தமே இல்லை.